பேத்திக்கு நான் ஏத்திவிட்ட பத்து வயசு

அட, மூணாவது ஊட்டுக்காரி சொல்றதையெல்லாம் நம்பிக்கிட்டு இருக்காதீங்க அம்மிணி. என்ற பேத்தி கல்யாணத்தை நான் கெடுத்துப்போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா. நான் கல்யாணத்தைக் கெடுக்கலீங்க. வேலையைத்தான் கெடுத்தேன். கல்யாணம் அதுவாக் கெட்டுப்போச்சு.

உக்காருங்க, உக்காருங்க. இந்தத் தெருவுக்குக் குடிவந்து ரெண்டு மாசந்தான் ஆவுது உங்களுக்கு. அரைகொறையாக் கேட்டா தப்பாப் பேசுவீங்க. முழுசாக் கேட்டுட்டுத் தப்பாப் பேசுங்க.

ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. பைக்குல வந்து எறங்கி, குடிக்கத் தண்ணி கேட்டுட்டு, குடிக்கறப்ப கண்ணு மட்டும் அடுத்த ஊட்டு மேல இருக்குதுன்னா, அந்த ஆளு தண்ணிக்கு வரல. பொண்ணு விசாரிக்க வந்திருக்கறான். நம்ம பக்கத்துல மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நேரா பொண்ணு ஊட்டுக்கா வாராங்க? மொதல்ல டீக்கடை, அப்புறம் மாவு மில்லு, கடைசில எதுத்த ஊடு. எதுத்த ஊட்டுக்காரி என்ன சொல்றாளோ அதுதான் தீர்ப்பு.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? நானே அந்த வேலை பாத்தவ. என்ற மருமவ வளர்மதி இருக்கறாளே, அவளுக்குப் பொறந்த ஊரு பனமரத்துப்பட்டி. பொண்ணு எப்படின்னு பாத்துட்டு வரோணும்னு ஆடு வாங்கற மாதிரி அவ ஊட்டுக்கு எதுத்த ஊட்டுக்குப் போனேன். அந்தம்மா பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை பேசலீங்க, ஆட்டைப் பத்தியே பேசறா. பல்லைக் காட்டறா, காலைத் தூக்கிக் காட்டறா. என்ன பண்றது? ஆட்டை வாங்கிப்போட்டேன். பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டான். ஆட்டைப் புடிச்சுக்கிட்டு ரோட்டு மேல நின்னேன் பாருங்க, அந்தக் கோலத்துல என்னை முழுசாப் பாத்துட்டாளுங்க வளர்மதி. இன்னிக்கு வரைக்கும் சண்டைன்னு வந்தா, "ஆடு வாங்க வந்தவங்கதானே நீங்க"ன்னு ஒரு வார்த்தைல என்னைச் சாச்சுப்போடுவா. (மெதுவாப் பேசோணும், உள்ளதான் இருக்கறா.)

சரி, சௌமியா நாயத்துக்கு வாரேன்.

அவ என்ற மவன் வயித்துப் பேத்தி. ஒரே புள்ள. மவன் லாரிக்குப் போறவன், மாசத்துல பாதி நாளு ஆந்திராவுலயும் ஒரிசாவுலயும் கெடப்பான். புள்ள நல்லாப் படிச்சா. கோயமுத்தூருல கம்ப்யூட்டர் கம்பெனில வேலைக்கு ஆர்டர் வந்துச்சு. அதே சமயத்துல திருச்செங்கோட்டுப் பக்கம் போர் போடற ரிக்கு வண்டி வெச்சிருக்கற ஊட்ல இருந்து பொண்ணு கேட்டாங்க. வசதின்னா அப்படி வசதி. ஆனா, "பொண்ணு வேலைக்கெல்லாம் போவக்கூடாது"ன்னு பையனோட அம்மா மொதல்லயே சொல்லிப்போட்டா. சௌமியா என்ற மடியில தலையை வெச்சு அழுவறா. "ஆத்தா, ரெண்டே வருசம். நான் சம்பாரிச்சுப் பாக்கோணும் ஆத்தா."

என்ற மவன் போன்லயே தீர்ப்புச் சொன்னான். "திங்கக்கெழம வேலைல சேந்துட்டான்னா ரெண்டு வருசம் உடறேன். அதுல ஏதாச்சும் தடங்கல் வந்துச்சு, தை பொறந்ததும் கல்யாணம். அப்புறம் யாரும் எங்கிட்ட நாயம் பேசக்கூடாது."

நானு அவ காதுல, "நீ ஒண்ணும் ரோசனை பண்ணாத சாமி, அந்த ரிக்குக்காரனை ஆத்தா பாத்துக்கறேன்"னு சொல்லிப்போட்டேன். இந்த வாய் இருக்குதே!

அந்தக் கம்பெனி மேலயும் எனக்கு நம்பிக்கை கெடையாதுங்க. பொட்டிக்குள்ள மூஞ்சியைக் காட்டி மூணு தடவ பேசறான். பத்தாவது மார்க்கு சீட்டுல இருந்து அத்தனையும் வாங்கறான். அதுக்கு மேல ரத்தம் எடுத்துட்டு வா, கண்ணு பாத்துட்டு வா, நெஞ்சைப் படம் புடிச்சுட்டு வாங்கறான். கம்ப்யூட்டர் தட்டறதுக்கு எதுக்குங்க ரத்தம்? எங்க காலத்துல பொண்ணு எடுக்கறவங்க கூட இம்புட்டுக் கேக்கல. ரத்தத்தையும் எடுத்துட்டான், இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஊட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பான்னு எனக்கு யாரு சொன்னாங்க? வளர்மதிக்குத் தெரியும், சௌமியாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அதனால தப்பு யாரு மேல?

சௌமியா ரத்தம் குடுக்க சேலம் போன அன்னிக்குத்தான் அவன் வந்தான். வளர்மதி கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போயிட்டா. எதுத்த ஊட்டு சரோஜா வாசல்ல நெலக்கடலையைக் காயப் போட்டுட்டு, "பெரியம்மா, கோழி வராமப் பாத்துக்குங்க"ன்னு ராசிபுரம் சந்தைக்குக் கெளம்பிட்டா. நானு எங்க ஊட்டைப் பூட்டிப்போட்டு, சரோஜா வாசல்ல வேப்பமர நெழல்ல உக்காந்திருக்கறேன். மடியில எங்க பூனை.

பைக்கு வந்து நின்னுச்சு. வெள்ளைச் சட்டை, முதுகுல பை, கழுத்துல என்னமோ ஒரு சீட்டுத் தொங்குது. எங்க ஊட்டுக் கதவைத் தட்டறான். பூட்டைப் பாக்கறான். அப்புறம் நாலு எட்டுப் பின்னால வந்து போனைத் தூக்கி ஊட்டைப் போட்டோ எடுக்கறான். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கரண்டு மீட்டர் பொட்டியைக் கூட உடல. மெத்தை ஊடா, ஓட்டு ஊடான்னு திருச்செங்கோட்டுக்கு அனுப்பறான்னு எனக்குப் பட்டுன்னு தெரிஞ்சு போச்சு.

நேரா எங்கிட்ட வந்தான். "பாட்டி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

பாத்தீங்களா!

தண்ணி குடுத்தேன். குடிக்கறப்பக் கண்ணு எங்க இருக்குது? எங்க ஊட்டு மேல.

"பாட்டி, நீங்க இந்த வீடுங்களா?" சரோஜா ஊட்டைக் காட்டிக் கேக்கறான்.

"ஆமா."

"உங்க பேரு?"

"சரோஜா."

எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க. அது பாட்டுக்கு வந்துச்சு.

"எதிர்வீட்டுல சௌமியான்னு ஒரு பொண்ணு இருக்காங்களா?"

"உன்னை யாரு கண்ணு அனுப்புனாங்க?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது பாட்டி. ரகசியம்."

இதுக்கு மேல வேற அத்தாட்சி வேணுமா? அப்புறம் அவன் கேட்ட கேள்வியைக் கேளுங்க. சொந்த ஊடா, வாடகையா? எத்தனை வருசமா இருக்கறாங்க? ஊட்ல எத்தனை பேரு? அப்பா என்ன பண்றாரு? பொண்ணு எப்படி? எல்லாமே நான் பனமரத்துப்பட்டில கேக்க நெனச்சு, ஆட்டுக்காரி கேக்க உடாத கேள்விங்க. ஒண்ணே ஒண்ணுதான் புதுசு. "போலீஸ் கேஸ் ஏதாவது இருக்கா பாட்டி?"ன்னான். பொண்ணு எடுக்க வந்தவன் கேசு விசாரிக்கறானே, அப்ப அந்த ரிக்குக்காரன் மேல என்னென்ன கேசு இருக்குதோன்னு எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. புள்ளைய எப்படியும் காப்பாத்திப்போடோணும்னு முடிவு பண்ணிட்டேன்.

"பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும் பாட்டி?"ன்னு சாதாரணமாத்தான் கேட்டான்.

"முப்பத்திரெண்டு."

போனைப் பாத்தான். என்னைப் பாத்தான். "இருபத்திரெண்டுன்னு இருக்குதே?"

"பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப வாயில வர்ற வயசுதானே கண்ணு? கொறச்சுப் போட்டிருப்பாங்க."

"பத்து வருசமா?"

"அவங்க தாராளமான ஊட்டுக்காரங்க."

அவன் மொகம் சுண்டிப்போச்சு. எனக்கோ உள்ளுக்குள்ள சந்தோசம் தாங்கல. நல்லா வேலை செய்யுதுன்னு இன்னும் ரெண்டு எடுத்து உட்டேன். "காலேசுக்குப் போனா, வந்தா. படிச்சு முடிச்சாளான்னு யாரு கண்டா? பையைத் தூக்கிட்டுப் போனதைப் பாத்திருக்கறேன், அவ்வளவுதான்." அப்புறம், "சூரியன் உச்சிக்கு வந்தாத்தான் எந்திரிப்பா." (இது மட்டும் நெசமுங்க.)

அவன் எல்லாத்தையும் போனுக்குள்ள தட்டிக்கிட்டு, "ஒரு போட்டோ எடுத்துக்கறேன் பாட்டி"ன்னான். நானு லேசுப்பட்டவளா? முந்தானைய இழுத்து மொகத்தை மூடிக்கிட்டேன், அப்படியே எடுத்துக்கிட்டான். போற போக்குல, "ரொம்ப நன்றி சரோஜா பாட்டி"ன்னான். அன்னிக்கு ராத்திரி எனக்கு ரெண்டு வாய் சோறு சேத்தியே எறங்குச்சு.

ரெண்டு நாளு போச்சுங்க. சௌமியா துணி மடிச்சுப் பொட்டியில வெச்சுக்கிட்டு இருந்தா. போனுல என்னமோ வந்துச்சு. படிச்சா. மடிச்ச துணி மேலயே உக்காந்துட்டா.

"அம்மா, ஜாயினிங்கை நிறுத்தி வெச்சுட்டாங்க. எனக்கு முப்பத்திரெண்டு வயசாம். சர்டிபிகேட்டு பொய்யாம். நான் படிக்கவே இல்லையாம்."

வளர்மதிக்கு ஆவேசம் வந்துருச்சு. "எந்தப் பாவிடி சொன்னது?"

"எதிர்வீட்டு சரோஜான்னு போட்டிருக்குது."

அவ்வளவுதான். ரெண்டு பேரும் தெருவத் தாண்டிட்டாங்க. நானு உள்ள உக்காந்து பூண்டு உரிச்சேன். தேவைக்கு மேலயே உரிச்சேன்.

"எம்புள்ள உனக்கு என்னக்கா பண்ணுச்சு?"ன்னு வளர்மதி கத்தறா.

"நான் அன்னிக்கு ஊட்லயே இல்ல வளரு! ராசிபுரம் சந்தையில இருந்தேன்! என்ற மக மேல சத்தியம்!"ன்னு சரோஜா கத்தறா. தெருவே கூடிப்போச்சு. சரோஜா அழுதுட்டா. நானு அடுத்த பூண்டை எடுத்தேன்.

அப்புறம் சௌமியா கம்பெனிக்குப் போன் போட்டா. அங்க ஒரு பொண்ணு, இவளை வேலைல சேக்கற பொறுப்பு அதுக்கு. அது அந்தப் போட்டோவை அனுப்பி, "இவங்கதான் சொன்னது"ன்னுச்சு. தெருவே போனைச் சுத்தி நிக்குது. மொகம் தெரியலீங்க, முந்தானை நல்லாத்தான் மூடியிருக்குது. ஆனா மடியில எங்க பூனை. காது கிழிஞ்ச பூனை ஊருக்கே ஒண்ணுதான். அது பாருங்க, என்னமோ கல்யாண ஊட்டுப் போட்டோ மாதிரி நேரா பாத்துக்கிட்டு உக்காந்திருக்குது.

மொதல்ல சரோஜாதான் வாயத் தொறந்தா. "என்ற பேரு தானுங்களா கெடச்சுது பெரியம்மா?"

சௌமியா என்ற முன்னால வந்து நின்னா. திட்டியிருந்தாக் கூடத் தேவலைங்க. "ஏன் ஆத்தா?"ன்னு கேட்டா, அவ்வளவுதான்.

"ரிக்குக்காரன் அனுப்புன ஆளுன்னு நெனச்சேன் சாமி."

கம்பெனிப் பொண்ணை மொகம் தெரியற மாதிரி போன்ல கூப்புட்டா. போனை என்ற மொகத்துக்கு நேரா புடிச்சா. "இதை இவங்ககிட்டச் சொல்லு."

போனுக்குள்ள அந்தப் பொண்ணு, மெட்ராசுக்காரி போல இருக்குது. "பாட்டி, நீங்க சொன்னதெல்லாம் உண்மையா?"

"எல்லாம் பொய்யி கண்ணு. மத்தியானம் எந்திரிக்கறது மட்டும் நெசம்."

"ஆத்தா!"ன்னு சௌமியா கத்தறா.

"எதுக்குப் பாட்டி பொய் சொன்னீங்க?"

"நீங்க மாப்பிள்ளை ஊடுன்னு நெனச்சுப்போட்டேன். நீங்க கேக்கற கேள்வியும் அப்படித்தானே இருக்குது? ரத்தத்தைக் கூட எடுத்துட்டீங்க, ஜாதகத்தை மட்டுந்தான் கேக்கல."

அந்தப் பொண்ணு சத்தம் வராம என்னமோ பண்ணிக்கிச்சு. வாயைப் பொத்திக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு நிமிருது. அப்புறம் மொகத்தைச் சரி பண்ணிக்கிட்டு, சட்டப்படி மறுபடியும் ஆள் வந்து விசாரிக்கோணும், அது சரியா இருந்தாத்தான் வேலை, நாளைக்கோ நாளன்னிக்கோ வருவாங்கன்னு சொல்லிப்போட்டு வெச்சுருச்சு.

மவன் போன் போட்டான். பின்னால லாரி ஆரன் கேக்குது. "அம்மா, எனக்கு ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. ஊட்டுக்கு யாரு வந்தாலும் வாயில தண்ணிய ஊத்தி வெச்சுக்குங்க." ஒரு மாதிரி கொரலுல, "இல்லீனா தையில பத்திரிகை அடிச்சுப்போடுவேன்"னான்.

எனக்குத் தூக்கமே புடிக்கல. நான் கெடுத்ததை நான்தானே சரி பண்ணோணும்?

மறுநாளு பொழுதோட ஒரு காரு வந்து நின்னுச்சுங்க. வளர்மதி கொல்லைல துணி தொவைக்கறா, சௌமியா மாவு மில்லுக்குப் போயிட்டா. காருல இருந்து வெள்ளை வேட்டி கட்டுன ஒரு பெரியவரு, கூட கைப்பை வெச்ச ஒரு அம்மா. கம்பெனில போன தடவ பைக்கு அனுப்புனான், இந்தத் தடவ காரு அனுப்பியிருக்கறான், பெரிய ஆபீசருங்க போலன்னு நெனச்சேன்.

"சௌமியா ஊடு இதுதானுங்களா?"ன்னு அந்தம்மா கேட்டுச்சு.

"இதேதானுங்க! வாங்க வாங்க! நான் அவ ஆத்தா. சொந்த ஆத்தா. என்ற பேரு பழனியம்மா. வயசு இருவத்திரெண்டு. எனக்கில்லீங்க, அவளுக்கு!"

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க.

"பொண்ணு சமையல் பண்ணுமுங்களா?"

அடடா, சோதனை பண்ணறாங்கடான்னு புரிஞ்சுக்கிட்டேன். "சமையலா? அடுப்படி எந்தப் பக்கம்னே தெரியாதுங்க அவளுக்கு! ராவும் பகலும் கம்ப்யூட்டருதான். பக்கத்துல இடி உழுந்தாலும் நிமிர மாட்டா."

பெரியவரு தொண்டையச் செருமுனாரு. "பெரியவங்ககிட்ட அனுசரிச்சுப் போவுமுங்களா?"

"தப்புன்னு தெரிஞ்சா யாரா இருந்தாலும் மொகத்துக்கு நேரா கேட்டுப்போடுவாங்க. அப்பனையே கேப்பா!"

"வேலைக்கு எத்தனை நாளுப் போறதா ரோசனை?"

"சாவற மட்டும்! அமெரிக்காவுக்குப் போன்னு சொல்லிப் பாருங்க, இன்னிக்கு ராத்திரியே கெளம்பிருவா. ஊட்டு நெனப்பே வராது அவளுக்கு."

அந்தம்மா கைப்பையை நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு, "அப்பக் கல்யாணம்?"னுச்சு.

"அந்தப் பேச்சையே எடுக்க உடமாட்டோமுங்க! வேணும்னா எழுதி வாங்கிக்குங்க, ரேகை வெச்சுத் தாரேன்!"

குடுத்த தண்ணியக் கூடக் குடிக்கல. கெளம்பிட்டாங்க. எனக்குப் பெருமைன்னா பெருமை. கொல்லையில இருந்து வளர்மதி ஈரக்கையோட ஓடியாந்தா. "யாருங்க அத்தை வந்தது?"

"கம்பெனி பெரிய ஆபீசரு. பொண்டாட்டியோட வந்திருந்தாரு. எல்லாம் சரி பண்ணிப்போட்டேன்."

அவ தெருவுக்கு ஓடி, காரு திரும்பறதைப் பாத்தா. பின்னாடிக் கண்ணாடியில பெருசு பெருசா எழுதியிருந்துச்சாமா, திருச்செங்கோடு போர்வெல்ஸ்னு என்னமோ. எனக்கு எழுத்துத் தெரிஞ்சிருந்தா இந்தக் கதையே கெடையாதே அம்மிணி! நான் என்னென்ன பேசுனேன்னு கேட்டுட்டு, வளர்மதி அப்படியே வாசப்படியில உக்காந்து தலையில கைய வெச்சுக்கிட்டா. அழுவறாளாக்கும்னு பக்கத்துல போனா, சிரிக்கறாங்க. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிக்கறா. "உங்களைக் கும்புட்டுக்கறேன் அத்தை, இனி யாருகிட்டயும் பேசாதீங்க"ங்கறா.

அந்த நேரத்துலதான் நெச ஆளு வந்தான். அதே பைக்கு, அதே பையன். என்னைப் பாத்ததும் வண்டிய நிறுத்தாமயே, "சரோஜா பாட்டி?"ன்னான்.

"சரோஜா எதுத்த ஊடு கண்ணு. நான் இந்த ஊடு."

பாவம், அவன் மொகத்தைப் பாக்கோணுமே. "பாட்டி, உங்க ஒருத்தரால எங்க மேனேஜரு என்னைக் கூப்புட்டு, ஒழுங்கா விசாரிக்கத் தெரியுமா, வேற வேலை பாக்கறியான்னு கேட்டுட்டாரு."

அவனுக்கு மோரு குடுத்து உக்கார வெச்சோம். வளர்மதி என்ற தோள் மேல கைய வெச்சுக்கிட்டே நின்னா. நானு வாயத் தொறந்தா அமுக்குவா. ஆதார் காட்டுனோம், காலேசுச் சீட்டுக் காட்டுனோம். சரோஜாவை அவனே போய்க் கூட்டியாந்தான். மொதல்ல அவ ஆதாரை வாங்கிப் பாத்துட்டுத்தான் பேசவே உட்டான். சரோஜா கோவத்தையெல்லாம் சேத்து வெச்சிருந்தாளே, "பொண்ணு தங்கமுங்க. நான் பாக்கப் பொறந்த புள்ள. இந்தத் தெருவுல நம்பக்கூடாத ஆளு ஒருத்தருதான், அவங்களுக்கு எந்தக் கம்பெனியும் வேலை குடுக்கல"ன்னா. அதையும் அவன் தட்டிக்கிட்டானான்னு நான் எட்டிப் பாத்தேன். வளர்மதி அமுக்குனா.

ஒரு வாரந் தள்ளி, அடுத்த திங்கக்கெழம சேந்துட்டா புள்ள. திருச்செங்கோட்டுக்காரங்க, "பொண்ணு கெட்டிக்காரிதான், எங்க ஊட்டுக்குத் தாங்காது"ன்னு தாக்கல் சொல்லி உட்டாங்க. மவன் ஊருக்கு வந்தவன் ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல. மூணாவது நாளு சோறு திங்கறப்ப, "முப்பத்திரெண்டு வயசுப் புள்ளைய எவன் கட்டுவான், வேலைக்காச்சும் போவட்டும்"னு அவனே சிரிச்சுப்போட்டான்.

இப்ப என்னாச்சு தெரியுங்களா? சௌமியா பொறந்த நாளுக்குக் கேக்கு வாங்குனா, அதுல முப்பத்தி மூணுன்னு எழுதிக்கிட்டு வாராங்க. கோயமுத்தூருல இருந்து வெடியக்காத்தால போன் போட்டு, "எந்திரிச்சுட்டேன் ஆத்தா, வேணும்னா கம்பெனிக்குச் சொல்லிரு"ங்கறா. அந்த மெட்ராசுப் பொண்ணு ஆபீசு பூராச் சொல்லிருச்சாமா. புதுசா வேலைக்கு வர்றவங்ககிட்ட, "எதிர்வீட்டுல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்து வெச்சுக்குங்க"ன்னு சொல்றாங்களாமா.

இதாவது பரவால்லீங்க. இந்தத் தெருக்காரங்கதான் மோசம். எந்த ஊட்டுப் புள்ளைக்கு வேலை கெடச்சாலும், விசாரிக்க ஆள் வர்ற அன்னிக்கு எனக்கு எங்கிருந்தாச்சும் ஒரு மரியாதை வந்துருது. ஒருத்தி கோயிலுக்குக் கூட்டிப் போறா. ஒருத்தி அவ அம்மா ஊட்ல கெடா விருந்துன்னு சேந்தமங்கலத்துக்கு ஆட்டோ வெச்சு அனுப்பறா. போன மாசம் மூணாவது ஊட்டுக்காரி கண்ணு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போயி நாளு பூரா உக்கார வெச்சுப்போட்டா. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது.

ஏனுங்க அம்மிணி, நானும் அப்ப இருந்து பாக்கறேன். நீங்களா வந்து, நீங்களா ஊட்ல இருந்து காப்பி கொண்டாந்து குடுத்து, நான் நிறுத்தறப்பெல்லாம் அப்புறம், அப்புறம்னு கேக்கறீங்களே? உங்க பெரியவனுக்கு பெங்களூருல ஏதோ ஆர்டர் வந்திருக்குதுன்னு பால்காரரு சொன்னாரு. தெருவுக்கே தெரியுது, எங்கிட்ட மட்டும் நீங்க சொல்லல. சொல்லாட்டிப் போவுது, நான் ஒண்ணும் நெனைக்கல.

அங்க பாருங்க, உங்க ஊட்டு முன்னால பைக்கு நிக்குது. போனைத் தூக்கி மீட்டர் பொட்டியப் போட்டோ எடுக்கறான்.

அட, நீங்க உக்காருங்க, காப்பி ஆறுது. அந்த வெளக்கமாத்தை மட்டும் இப்படிக் குடுங்க. தெருவெல்லாம் வேப்பந்தழை உழுந்து கெடக்குது, உங்க வாசல் வரைக்கும் ஒரு தடவ கூட்டிப்போட்டு வந்தர்றேன்.